நேரலை மேசை: ஸ்டூடியோவிலிருந்து கைப்பேசித் திரை வரை

இணையக் கேசினோக்களில் இரண்டு வகை விளையாட்டுகள் உண்டு. முதல் வகையில் சீட்டும் சக்கரமும் வெறும் படம். முடிவை ஒரு மென்பொருள் தேர்ந்தெடுத்து, அதற்கேற்ற அசைவைத் திரையில் காட்டுகிறது. இரண்டாவது வகையில் எங்கோ ஒரு ஸ்டூடியோவில் நிஜமான மேசை இருக்கிறது, சீட்டுக் கட்டு இருக்கிறது, அதைப் போட ஓர் ஆளும் இருக்கிறார். அவர் செய்வதைக் கேமராக்கள் படம்பிடித்து உடனுக்குடன் அனுப்ப, ஆடுபவர் கைப்பேசியில் பார்த்தபடி பணம் கட்டுகிறார். இரண்டாவது வகைக்கு ‘லைவ் டீலர்’ விளையாட்டு என்று பெயர்.

இந்த வகை வளர்ந்ததற்கு முக்கியக் காரணம் சந்தேகம். மென்பொருள் போடும் சீட்டில் நாலைந்து முறை தொடர்ந்து தோற்றவருக்கு, உள்ளே ஏதோ தில்லுமுல்லு நடக்கிறது என்று தோன்றுவது இயல்பு. கண்ணெதிரே ஒருவர் சீட்டை உருவிப் போட்டால் அந்தச் சந்தேகம் பெருமளவு அடங்கிவிடும். 2006-இல் தொடங்கப்பட்ட ஸ்வீடன் நாட்டு நிறுவனமான எவல்யூஷன், லாத்வியாவின் தலைநகர் ரீகாவில் ஸ்டூடியோ அமைத்து இந்தத் தொழிலைப் பெரிதாக்கியது. 2015-இல் அது ஸ்டாக்ஹோம் பங்குச் சந்தைக்கு வந்தது. பிளேடெக், பிராக்மாடிக் பிளே ஆகியவையும் இத்துறையில் உள்ளன. ரீகா, புக்கரெஸ்ட், ஜார்ஜியாவின் திபிலீசி, மால்டா ஆகிய இடங்களில் இத்தகைய ஸ்டூடியோக்கள் இரவுபகலாக இயங்குகின்றன. நிஜக் கேசினோவின் உள்ளிருந்தே ஒளிபரப்பாகும் மேசைகளும் சில உண்டு. லண்டனின் ஹிப்போட்ரோம் கேசினோவில் உள்ள ரூலெட் மேசையில், நேரில் வந்தவர்களும் இணையத்தில் இருப்பவர்களும் ஒரே பந்துக்குப் பணம் கட்டலாம்.

ஸ்டூடியோவை நடத்துவது ஒரு நிறுவனம். ஆடுபவர் கணக்கு வைத்திருக்கும் தளம் பெரும்பாலும் வேறொரு நிறுவனம். ஒரே மேசை நூற்றுக்கணக்கான தளங்களில் வெவ்வேறு பெயர்ப் பலகையோடு தெரியும். பணம் தளத்திடம் இருக்கும்; சீட்டு ஸ்டூடியோவிடம் இருக்கும். தளம் தன் வருவாயில் ஒரு பங்கை ஸ்டூடியோவுக்குக் கமிஷனாகக் கொடுக்கிறது. இந்தப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொண்டால், தகராறு வரும்போது யாரிடம் எதைக் கேட்பது என்பது விளங்கும்.

மேசையும் கருவிகளும்

சீட்டு விளையாட்டு மேசையில் டீலருக்குப் பக்கத்தில் ‘ஷூ’ என்ற சாய்வான பெட்டி இருக்கும். பாக்கரா, பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டங்களில் வழக்கமாக எட்டுக் கட்டு, அதாவது 416 சீட்டுகள், அதில் அடுக்கப்பட்டிருக்கும். பல ஸ்டூடியோக்களில் சீட்டின் மேல் சிறு பார்கோடு அச்சிடப்பட்டிருக்கிறது. டீலர் சீட்டை உருவும்போது அது ஒரு ஸ்கேனரின் மேல் நகர்ந்து போகும். அவர் திருப்பிப் போடுவதற்குள் அது ஸ்பேட் ஏழா, ஹார்ட் ராணியா என்பது கணினிக்குத் தெரிந்துவிடும். வேறு சில மேசைகளில் மேலிருந்து பார்க்கும் கேமராவின் படத்தைக் கொண்டு மென்பொருள் சீட்டை அடையாளம் காண்கிறது. டீலர் சில வேளை போட்ட சீட்டையே மீண்டும் ஸ்கேனர் மேல் இழுப்பதைப் பார்க்கலாம். முதல் முறை கருவி படிக்கவில்லை என்பதே அதற்குக் காரணம். சீட்டை மாற்றும் வேலையாக இருக்குமோ என்று பதற வேண்டியதில்லை.

ஷூவின் நடுவே எங்கோ ஒரு வண்ண பிளாஸ்டிக் சீட்டு செருகப்பட்டிருக்கும். அது வெளியே வந்ததும் நடக்கும் சுற்றோடு அந்தக் கட்டு முடிந்தது. பல மேசைகளில் இரு நிறச் சீட்டுகள் இருக்கும்: சிவப்புக் கட்டு ஆட்டத்தில் இருக்கும்போது நீலக் கட்டு பின்னால் கலைக்கப்படும். பிளாக்ஜாக்கில் இந்தப் பிளாஸ்டிக் சீட்டை ஏறக்குறைய பாதியில் வைப்பது வழக்கம். எட்டுக் கட்டில் நாலு கட்டு வெளியே வருவதற்குள் கலைத்துவிடுவதால், போன சீட்டுகளை மனத்தில் எண்ணிக்கொண்டு ஆடும் பழைய உத்திக்கு இங்கே பெரிய பயன் இல்லை.

ரூலெட் சக்கரத்தின் விளிம்பில் ஒளி உணரிகள் இருக்கும். பந்து எத்தனை சுற்று சுற்றியது, எந்தக் குழியில் விழுந்தது, சக்கரம் எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்பதெல்லாம் அவற்றின் மூலம் பதிவாகின்றன. டீலரே இல்லாமல், காற்றழுத்தத்தால் பந்தை எறியும் தானியங்கிச் சக்கரங்களும் இருக்கின்றன. எவல்யூஷனின் இம்மெர்சிவ் ரூலெட்டில் நொடிக்கு 200 படம் எடுக்கும் கேமரா, பந்து விழும் கணத்தை மெதுவாக ஓட்டிக் காட்டும். ஆட்டத்தின் முடிவை அது எவ்விதத்திலும் மாற்றாது. பார்வைக்கு விருந்து, அவ்வளவுதான்.

ஒரு சுற்று நடக்கும் விதம்

ரூலெட்டை எடுத்துக்கொள்வோம். திரையில் பச்சைப் பட்டை தோன்றி, கீழே எண்கள் குறைந்துகொண்டே வரும். சுமார் 15 முதல் 20 நொடிக்குள் பணம் கட்ட வேண்டும். ஆடுபவர் 17-ஆம் எண்ணின் மேல் விரல் வைத்தால், அந்தச் செய்தி ஸ்டூடியோ நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். அது தளத்தின் சர்வரிடம் இவர் கணக்கில் பணம் இருக்கிறதா என்று கேட்கும். இருந்தால் கழித்துக்கொண்டு, பந்தயத்தை ஏற்றதாகப் பதில் அனுப்பும். இதற்குள் டீலர் பந்தை உருட்டிவிட்டிருப்பார். பட்டை மஞ்சளாகிச் சிவப்பானதும் பந்தயம் அடைபடும். பந்து விழுந்ததும் உணரி எண்ணைச் சொல்ல, சர்வர் யார் யாருக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, தளங்களுக்கு வரவு வைக்கச் சொல்லும். டீலர் எண்ணை வாயால் அறிவிப்பது மரபுக்காக. ஆயிரம் பேர் கட்டியிருந்தாலும் பணப் பட்டுவாடாவில் அவருக்கு எந்த வேலையும் இல்லை.

படமும் பந்தயத் தகவலும் தனித்தனி வழியில் பயணிக்கின்றன. இது பலருக்குப் புரியாத இடம். திரையில் தெரியும் டீலர் ஒரு வீடியோ. மேலே மிதக்கும் பொத்தான்கள், எண்கள், கணக்கு இருப்பு எல்லாம் தனித் தரவு. இரண்டையும் செயலி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் காட்டுகிறது. சாதாரண இணைய ஒளிபரப்பில் படம் பல நொடிகள் பிந்தி வரும். ஆகவே இந்தத் தொழிலில் ஓரிரு நொடிக்குள் படம் வந்து சேரும் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் நேரத்தைத் தீர்மானிப்பது சர்வரின் கடிகாரம்தான். இணைப்பு மந்தமாக இருப்பவரின் திரையில் இரண்டு நொடி பாக்கி இருப்பதாகத் தெரியும், அங்கே அடைத்துவிட்டிருப்பார்கள். கட்டியது ஏற்கப்பட்டதா என்பதற்குத் திரையில் வரும் உறுதிச் செய்தி ஒன்றே சாட்சி. சில்லு எண்ணின் மேல் உட்கார்ந்திருப்பதுபோல் தெரிவது சாட்சியாகாது.

இணைப்பு நடுவில் அறுந்தால் என்ன ஆகும்? ஏற்கப்பட்ட பந்தயம் நிற்கும். சுற்று அவர் இல்லாமலே முடிந்து, வென்றிருந்தால் பணம் கணக்கில் சேரும். பிளாக்ஜாக்கில் இன்னொரு சீட்டுக் கேட்பதா, நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் நேரம் தாண்டிவிட்டால் பொதுவாக ‘இது போதும்’ என்று கருதி கையை நிறுத்திவிடுவார்கள். பன்னிரண்டு வைத்துக்கொண்டு இன்னொரு சீட்டுக் கேட்க நினைத்தவர் அப்படியே நிற்க வேண்டியதுதான்.

டீலர்

டீலர் சீட்டைப் போட்டபின் இரு உள்ளங்கைகளையும் கேமராவுக்கு விரித்துக் காட்டுவார். நிஜக் கேசினோவிலிருந்து வந்த பழக்கம் இது; கையில் எதுவும் ஒளிக்கவில்லை என்பதன் அடையாளம். ஆடுபவருக்குத் தெரியாத ஒரு திரை அவர் முன்னால் இருக்கும். அரட்டையில் வரும் செய்திகளும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்புகளும் அதில் ஓடும். டீலருக்கு ஆடுபவரின் முகம் தெரியாது, புனைபெயர் மட்டுமே தெரியும். அரட்டையைத் தனியே ஆள் வைத்துக் கண்காணிக்கிறார்கள். ஒரே மேசையில் மணிக்கணக்காக யாரையும் உட்கார வைப்பதில்லை. குறுகிய இடைவெளியில் ஆள் மாறுவார்கள். தொடர்ந்து தோற்கும்போது டீலர் மாறினால் அதிர்ஷ்டம் மாறும் என்று நம்புபவர்கள் உண்டு. மாறுவது ஷிப்ட் அட்டவணைப்படி.

சிரித்த முகத்தோடு இரவெல்லாம் நிற்பது லேசான வேலை இல்லை. 2024 ஜூலையில் எவல்யூஷனின் திபிலீசி ஸ்டூடியோ ஊழியர்கள் சம்பளத்துக்காகவும் வேலைச் சூழலுக்காகவும் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

பணம் எங்கே போகிறது

உரிமம் பெற்ற ஸ்டூடியோவில் சீட்டை மாற்றி ஏமாற்ற வேண்டிய தேவையே நிறுவனத்துக்கு இல்லை. லாபம் விதியிலேயே இருக்கிறது. ஐரோப்பிய ரூலெட்டில் 0 முதல் 36 வரை 37 குழிகள். ஓர் எண்ணில் கட்டி வென்றால் 35 மடங்கு லாபம். 37 எண்ணிலும் தலா ஒரு ரூபாய் வைத்தால், வென்ற எண்ணுக்குக் கட்டிய ரூபாயும் சேர்த்து 36 ரூபாய் திரும்பும். ஒரு ரூபாய் மேசைக்குப் போகும். முப்பத்தேழில் ஒன்று, அதாவது 2.70 சதவீதம். அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைப் பூஜ்யமும் சேர்ந்து 38 குழிகள்; பட்டுவாடா அதே 35 மடங்கு. அங்கே மேசையின் பங்கு 5.26 சதவீதமாகிறது. இரண்டும் ஒரே தளத்தில் பக்கம் பக்கமாக இருக்கும்.

சதவீதத்தைவிட வேகம் முக்கியம். சுற்றுக்கு ₹100 வீதம், நிமிடத்துக்கு ஒரு சுற்று ஆடினால் ஒரு மணி நேரத்தில் ₹6,000 மேசையில் புரளும். சராசரியாக ₹162 இழப்பு. ‘ஸ்பீட்’ என்று பெயர் சூட்டிய மேசையில் சுற்றுக்கு 25 நொடி என்றால் மணிக்கு 144 சுற்று, ₹14,400 புரளும். சராசரி இழப்பு ₹389. சக்கரம் அதே, விதியும் அதே. வேகத்தை மட்டும் பார்த்தால் மென்பொருள் விளையாட்டைவிட நேரலை மேசை மெதுவானது. ஆனால் குறைந்தபட்சப் பந்தயத் தொகை அதில் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.

பாக்கராவில் பேங்கர், பிளேயர் என்ற இரு பக்கங்களில் எது ஒன்பதுக்கு நெருக்கமாக வருகிறது என்பதே பந்தயம். எட்டுக் கட்டில் பேங்கர் 45.86 சதவீத முறையும், பிளேயர் 44.62 சதவீத முறையும் வெல்லும், மீதி 9.52 சதவீதம் சமம். பேங்கர் அடிக்கடி வெல்வதால் அந்த லாபத்தில் 5 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பின்னும் மேசையின் பங்கு பேங்கரில் 1.06 சதவீதம், பிளேயரில் 1.24. சமம் என்று கட்டினால் எட்டு மடங்கு தருகிறார்கள். ஆசை காட்டும் அந்தப் பந்தயத்தில் மேசையின் பங்கு 14 சதவீதத்துக்கும் மேல். பாக்கராத் திரையின் அடியில் சிவப்பு, நீல வட்டங்கள் சாரை சாரையாக ஓடும். முந்தைய முடிவுகளின் வரைபடம் அது. ரூலெட்டில் ‘சூடான எண்’, ‘குளிர்ந்த எண்’ என்று காட்டுவதும் இதே ரகம். போன சுற்று எது வந்தது என்பது சக்கரத்துக்குத் தெரியாது. பார்ப்பவர் அதில் ஒரு பாதையைக் கண்டுபிடித்துப் பந்தயத்தை ஏற்றுவது தளத்துக்கு நல்லது என்பதால்தான் அந்தப் படம் அங்கே இருக்கிறது.

இந்த மூன்றில் பிளாக்ஜாக்கில் மட்டும் ஆடுபவரின் முடிவுக்கு மதிப்பு உண்டு. எந்தக் கைக்கு எப்போது சீட்டுக் கேட்பது, எப்போது நிறுத்துவது என்ற அட்டவணையைப் பிசகாமல் பின்பற்றினால், நல்ல விதிகள் உள்ள எட்டுக் கட்டு மேசையில் மேசையின் பங்கு அரை சதவீதத்தை ஒட்டி நிற்கும். மனம் போனபடி ஆடினால் அது சில மடங்கு கூடும். வழக்கமாக மேசைக்கு ஏழு இருக்கைதான். இடம் கிடைக்காதவர் உட்கார்ந்திருப்பவரின் பின்னால் பணம் கட்டலாம். அப்போது முடிவெடுப்பவர் முன்பின் தெரியாத ஒருவர். அவர் பதினெட்டுக்கு இன்னொரு சீட்டுக் கேட்டாலும் பின்னால் கட்டியவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பிளாக்ஜாக் வந்தால் மூன்றுக்கு இரண்டு தருகிறார்களா, ஆறுக்கு ஐந்து தருகிறார்களா என்பதை விதிப் பக்கத்தில் பார்க்க வேண்டும். இரண்டாவது மேசை ஆடத் தகுந்ததே இல்லை.

இந்திய வாடிக்கையாளரைக் குறிவைத்து வந்தவை அந்தர் பாகர், தீன் பத்தி ஆகிய சீட்டாட்டங்களின் மேசைகள். எஸுகி என்ற நிறுவனம் இவற்றைப் பரப்பியது. 2018 இறுதியில் எவல்யூஷன் அதை வாங்க ஒப்பந்தம் செய்தது. அந்தர் பாகர் தமிழ்நாட்டில் மங்காத்தா என்றும் உள்ளே-வெளியே என்றும் ஆடப்பட்ட அதே ஆட்டம்தான். டீலர் ஒரு சீட்டைத் திறந்து நடுவில் வைப்பார்; கிளாவர் எட்டு என்று கொள்வோம். பிறகு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போடுவார். இன்னோர் எட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் வென்றது. முதல் சீட்டு உள்ளே விழுவதாக இருந்தால் அந்தப் பக்கம் ஏறக்குறைய 51.5 சதவீத முறை வெல்லும். எனவே அதற்கு ₹100-க்கு ₹90 மட்டும் லாபம், வெளியே கட்டியவருக்கு ₹100 என்று விதி வைத்த மேசைகள் உண்டு. கணக்குப் போட்டால் உள்ளே 2.15, வெளியே 3 சதவீதம் மேசைக்கு. திண்ணையில் ஆடியபோது இந்தப் பத்து ரூபாயைப் பிடித்துக்கொள்ள யாரும் இருக்கவில்லை.

2018-இல் வந்த லைட்னிங் ரூலெட் வேறொரு திசையைத் திறந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று முதல் ஐந்து எண்கள் வரை ‘மின்னல்’ எண்களாகி 50 முதல் 500 மடங்கு வரை தரும். அதற்கு ஈடாக மற்ற எண்களில் 35 மடங்குக்குப் பதில் 29 மடங்குதான். கட்டிய எண்ணில் மின்னல் விழாத சுற்றுகளை மட்டும் பார்த்தால் தனி எண்ணில் கட்டுபவர் இழப்பது 18.9 சதவீதம்; அந்தப் பணம் எப்போதோ ஒருமுறை வரும் பெரிய வெற்றிக்காகச் சேர்த்து வைக்கப்படுகிறது. நீண்ட கால சராசரி சாதாரண ரூலெட்டை ஒட்டியே இருந்தாலும், கைப்பணம் கரையும் வேகம் கூடும். இன்னொன்று: சக்கரம் நிஜம், மின்னல் எண்ணைத் தேர்வது மென்பொருள். நேரலை மேசையைத் தேடி வந்தவர் எதிலிருந்து விலகி வந்தாரோ அதுவே பின்வாசல் வழியாக உள்ளே வருகிறது. 2020-இல் வந்த கிரேஸி டைம் போன்ற தொலைக்காட்சிப் போட்டிப் பாணி ஆட்டங்களும் இந்த வழியில் வந்தவையே.

போனஸ் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். ₹5,000 போனஸ், அதை 30 மடங்கு ஆடி முடித்தால்தான் எடுக்கலாம் என்று நிபந்தனை இருந்தால் ₹1,50,000 ஆட வேண்டும். நேரலை ஆட்டங்களில் கட்டுவதில் 10 சதவீதத்தை மட்டும் கணக்கில் சேர்ப்போம் என்று பல தளங்கள் எழுதி வைத்திருக்கும். சில, ஒன்றுமே சேர்க்காது. 10 சதவீதம் என்றால் ஆட வேண்டிய தொகை ₹15,00,000 ஆகிவிடும். ஐரோப்பிய ரூலெட்டில் அதன் சராசரி இழப்பு ₹40,000-க்கும் மேல். ஐயாயிரத்துக்காக.

தவறும் தகராறும்

பந்து சக்கரத்தை விட்டுத் துள்ளி வெளியே போவது, சீட்டுக் கீழே விழுவது, ஸ்கேனர் தவறாகப் படிப்பது, பந்து போதிய சுற்று சுற்றாமல் விழுவது எல்லாம் நடக்கும். அப்போது டீலர் மேற்பார்வையாளரை அழைப்பார். அவர் பதிவைப் பார்த்துத் திருத்துவார், அல்லது சுற்றை ரத்து செய்து கட்டிய பணத்தைத் திருப்புவார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் எண் உண்டு. திரையின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். வரலாற்றுப் பக்கத்திலும் கிடைக்கும். புகார் செய்பவர் அந்த எண்ணையும் நேரத்தையும் கொடுத்தால் ஸ்டூடியோவின் வீடியோப் பதிவோடு ஒப்பிட முடியும். அது இல்லாமல் ‘நேற்று ராத்திரி ஏமாற்றிவிட்டார்கள்’ என்பதற்குப் பதில் கிடைக்காது. ஆனால் பணத்தை எடுக்க விடவில்லை என்ற புகாருக்கும் ஸ்டூடியோவுக்கும் சம்பந்தம் இல்லை. அது தளத்தின் வேலை.

போலித் தளங்களும் இருக்கின்றன. பழைய பதிவை நேரலைபோல ஓட்டுவதும், இன்னொருவர் மேசையைத் திருட்டுத்தனமாக மறு ஒளிபரப்பு செய்வதும் நடந்திருக்கிறது. அரட்டையில் எழுதிய கேள்விக்கு டீலர் பேசிப் பதில் தருகிறாரா என்பது எளிய சோதனை. தளத்தின் அடியில் உள்ள உரிம முத்திரையை நம்பக் கூடாது. படத்தை யாரும் ஒட்டலாம். பிரிட்டனின் சூதாட்ட ஆணையமும் மால்டாவின் கேமிங் ஆணையமும் உரிமம் பெற்றவர்களின் பட்டியலைத் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கின்றன. அங்கே தேடிப் பார்ப்பதே சரி.

சட்டம்

உரிமம் எந்த நாட்டுக்கோ அந்த நாட்டு ஆட்டக்காரருக்கே அதன் முழுப் பாதுகாப்பு. அமெரிக்காவில் நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் ஸ்டூடியோவே மாநில எல்லைக்குள் இருக்கிறது.

இந்தியாவில் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டப்படி, ஆடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறையோ ₹5,000 வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை சார்ந்த ஆட்டங்கள் என்று தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ரூலெட், அந்தர் பாகர் போன்ற வாய்ப்பு ஆட்டங்களுக்கு அதனால் விலக்குக் கிடைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவது, விளம்பரப்படுத்துவது, அவற்றுக்கு வங்கிகள் பணப் பரிமாற்றம் செய்வது ஆகிய மூன்றையும் நாடு முழுவதும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ ஒரு கோடி ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

வெளிநாட்டுத் தளங்கள் இதன் பிறகும் வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாக ஆள் பிடிக்கின்றன. பணம் போடச் சொல்லி அவை கொடுக்கும் யு.பி.ஐ. எண் பெரும்பாலும் தளத்தின் பெயரில் இருக்காது. யாரோ ஒரு தனிநபரின் வாடகைக் கணக்காக இருக்கும், அடுத்த நாள் வேறு எண் வரும். அத்தகைய கணக்கைக் காவல்துறை முடக்கும்போது அதிலிருந்து பணம் வாங்கியவர்களின் கணக்கும் சேர்ந்து முடங்கலாம். வென்ற பணம் வராவிட்டால் எந்த நீதிமன்றத்திலும் கேட்க வழியில்லை. மோசடி என்றால் தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930-இல் புகார் செய்யலாம்.